நிதி ஊருக்கு வந்தது. எங்கள் தெருவுக்கு எப்போது வரும்?

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் சாலை. விடுமுறை நாள் என்பதால் வெளியூர்க் கார்கள் வரிசை கட்டிப் போய்க்கொண்டிருந்தன. எல்லோரும் காவிரியில் குளிக்கப் போகிறவர்கள். அந்தச் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் ஒரு தலித் குடியிருப்பில் நாம் உட்கார்ந்திருந்தோம். தெருக்குழாயின் முன்னால் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நின்றன. தண்ணீர் இன்னும் வரவில்லை.

திண்ணையில் இருந்த பாட்டிக்கு முழங்கால் மடங்காது. பல்லில் காவி பூசியதுபோலப் பழுப்புக் கோடுகள். "சின்ன வயசுல இருந்து போர் தண்ணிதாங்க குடிச்சோம். அதுல என்ன இருக்குதுன்னு எங்களுக்கு யாரு சொன்னாங்க?" என்றார். பக்கத்தில் அவருடைய பேத்தி. கல்லூரியில் படிக்கிறார். நாம் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"பின்தங்கிய பகுதிக்குன்னு அரசாங்கம் தனியா பணம் ஒதுக்குதுன்னு பாடத்துல படிச்சோம் சார். அந்தப் பணம் ஊர் வரைக்கும் வருது. எங்க தெரு வரைக்கும் வருமா?"

இந்த வாரம் நாம் எழுதுவது அந்தக் கேள்விக்கான பதிலைத்தான்.

எதற்காகத் தனி நிதி?

எல்லா ஊருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்தால் போதாதா, சில பகுதிகளுக்கு மட்டும் ஏன் கூடுதலாகத் தரவேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு ஊராட்சியின் சொந்த வருமானம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் விடை தெரிந்துவிடும். வீட்டுவரி, தொழில்வரி, குடிநீர்க் கட்டணம் போன்றவைதான் அதன் வருவாய். தொழிற்சாலைகள் சூழ்ந்த ஊராட்சிக்கு இந்த வரியிலேயே சாலை போட முடியும். கேழ்வரகும் நிலக்கடலையும் மழையை நம்பி விளைகிற, ஆண்டில் பாதி நாள் வீடுகள் பூட்டிக் கிடக்கிற பென்னாகரம் பக்கத்து ஊராட்சியில் யாரிடம் என்ன வரி வாங்குவது? வருமானம் இல்லாததால் வசதி இல்லை. வசதி இல்லாததால் தொழில் வருவதில்லை. தொழில் வராததால் மறுபடியும் வருமானம் இல்லை. செக்குமாடுபோல ஒரே வட்டத்தில் சுற்றும் ஊரை, வெளியிலிருந்து ஒரு கை வந்து தூக்கிவிட வேண்டும். அதற்காகத்தான் வட்டார வளர்ச்சி நிதி.

இது யாரும் போடுகிற பிச்சையும் அல்ல. நம் அரசமைப்புச் சட்டத்தின் 38(2) பிரிவு, வருமானத்திலும் வாய்ப்பிலும் உள்ள ஏற்றத்தாழ்வுகளைக் குறைக்க அரசு பாடுபட வேண்டும் என்கிறது. தனிமனிதர்களுக்கு இடையே மட்டுமல்ல, வெவ்வேறு பகுதிகளில் வாழும் மக்கள் கூட்டங்களுக்கு இடையேயும் அதைக் குறைக்கச் சொல்கிறது. 1978-ஆம் ஆண்டின் 44-ஆவது திருத்தத்தில் சேர்க்கப்பட்ட இந்தப் பிரிவைப் போட்டித்தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் மனப்பாடம் செய்வார்கள். அது நம் தெருவைப் பற்றியது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

உலகிலும் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. ஐரோப்பிய நாடுகள் 1975-இல் வட்டார வளர்ச்சி நிதியம் ஒன்றை உருவாக்கின. தலைக்கு வருமானம் ஐரோப்பிய ஒன்றியத்தின் சராசரியில் 75 சதவீதத்துக்கும் கீழே உள்ள பகுதிகளுக்கு அங்கே கூடுதல் பங்கு கிடைக்கிறது. பணக்கார நாடுகளே, தங்களுக்குள் பின்தங்கிய பகுதி தானாக மேலே வந்துவிடாது என்று ஒப்புக்கொண்டிருக்கின்றன.

சராசரிக்குள் மறைந்த ஊர்

மத்திய அரசு 2006-07-இல் பின்தங்கிய பகுதிகளுக்கான மானிய நிதித் திட்டத்தைக் கொண்டுவந்தது. நாடு முழுவதும் 250 மாவட்டங்கள் தேர்வாயின. மாவட்டத்துக்கு ஆண்டுக்குக் குறைந்தது ரூ.10 கோடி, அதற்கு மேல் மக்கள்தொகையையும் பரப்பளவையும் வைத்துக் கூடுதல் பங்கு. எந்த வேலை செய்வது என்பதைச் சென்னையிலோ டெல்லியிலோ முடிவுசெய்யாமல், கிராமசபையில் தொடங்கி மாவட்டத் திட்டக்குழுவில் முடிக்க வேண்டும் என்பது அதன் நல்ல அம்சம்.

தமிழ்நாட்டில் தேர்வான மாவட்டங்கள் ஆறு: கடலூர், திண்டுக்கல், நாகப்பட்டினம், சிவகங்கை, திருவண்ணாமலை, விழுப்புரம். தருமபுரி அதில் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் தருமபுரிதான். மாநிலம் 80.09 சதவீதத்தில் நின்றபோது நாம் 68.54 சதவீதத்தில் நின்றோம். பட்டியலில் இல்லாத மாவட்டத்திலும் பசித்த வயிறுகள் உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. 2015-16-இல் மத்திய அரசு அந்தத் திட்டத்துக்கான ஆதரவையே நிறுத்திக்கொண்டது.

மாவட்டம் என்பது மிகப் பெரிய அளவுகோல். மாவட்டத் தலைநகரில் மருத்துவக் கல்லூரி இருக்கும். அதே மாவட்டத்தின் மலை ஊரில் பிரசவ வலி எடுத்த பெண்ணைத் தூளிகட்டித் தூக்கி வருவார்கள். இரண்டையும் கூட்டி வகுத்தால் வருவது சராசரி. அதனால்தான் தமிழ்நாடு அரசு 2012-13 வாக்கில் மாநிலத் திட்டக்குழு வழியாகச் சமச்சீர் வளர்ச்சி நிதியை உருவாக்கியபோது, மாவட்டத்தை விட்டுவிட்டு ஒன்றியத்தை அளவாக எடுத்தது. ஆண்டுக்கு ரூ.100 கோடி என்ற கணக்கில், வறுமை, வேலையின்மை, கல்வி, சுகாதாரம் ஆகியவற்றைப் பார்த்துப் பின்தங்கிய ஒன்றியங்கள் அடையாளம் காணப்பட்டன. பிறகு வந்த 'வளமிகு வட்டாரங்கள்' திட்டமும் வட்டாரத்தையே அளவாகக் கொண்டது. இது சரியான திசையில் ஓர் அடி. ஆனால் ஒன்றியத்துக்குள்ளும் ஊர் உண்டு, சேரி உண்டு. ஒன்றியத்தின் சராசரிக்குள் சேரி மறைந்துவிடும்.

ஒகேனக்கல் தண்ணீர் சொல்லும் பாடம்

வட்டார நிதியால் பயன் உண்டா என்று சந்தேகப்படுபவர்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைக் காட்டலாம். காவிரி நம் வாசலில் ஓடியது. நாமோ ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரைக் குடித்தோம். குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் ஆபத்து. முதலில் பல்லில் கறை. பிறகு எலும்பு இறுகி, முதுகும் முழங்காலும் மடங்காமல் போகும். வந்த பிறகு இதைக் குணமாக்க வழியில்லை. நல்ல தண்ணீர் ஒன்றே தடுப்பு.

இந்த மாவட்டத்தின் எந்த ஊராட்சியும் தன் வீட்டுவரியில் செய்திருக்க முடியாத வேலை இது. ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியோடு ரூ.1,928.80 கோடியில் திட்டம் போடப்பட்டது. 2008 பிப்ரவரியில் அடிக்கல். 2013 மே மாதத்தில் தண்ணீர் திறப்பு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஊரகக் குடியிருப்புகளைக் குறிவைத்த திட்டம். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் பலரின் பற்கள் வெள்ளையாக இருப்பதைப் பள்ளிகளில் நாமே பார்க்கிறோம். பாட்டியின் பல்லையும் பேத்தியின் பல்லையும் அருகருகே பார்த்தால் போதும். வளர்ச்சி நிதிக்கு அதைவிடப் பெரிய அறிக்கை தேவையில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மேல்நிலைத் தொட்டி எங்கே கட்டப்படுகிறது? பெரும்பாலும் ஊர்த் தெருவில். வால்வைத் திறக்கும் கை யாருடையது? முதலில் எந்தத் தெருவுக்குத் திறக்கிறது? குழாய் நீண்டு நீண்டு கடைசியாக வந்து சேரும் இடம் எது? ஏரிப் பாசனத்தில் கடைமடை விவசாயிக்கு என்ன நடக்குமோ, அதுதான் குடிநீரில் சேரிக்கு நடக்கிறது. மோட்டார் பழுதானால், மின்சாரம் போனால், கோடையில் அளவு குறைந்தால் முதலில் காய்வது கடைசிக் குழாய். அப்போது மக்கள் திரும்பிப் போவது அதே பழைய ஆழ்துளைக் கிணற்றுக்குத்தான். அரசுக் கோப்பில் இந்தக் குடியிருப்பு 'பயனடைந்த குடியிருப்பு'. நிதி செலவாகிவிட்டது, குழாயும் இருக்கிறது. தண்ணீர் மட்டும் இல்லை.

1927 மார்ச்சில் மகாட் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தபோது, அந்தக் குளம் அதற்கு முன்பே நகராட்சியால் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டிருந்தது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது. தண்ணீரைத் தொட மக்கள் நடந்து போகவேண்டியிருந்தது. நூறாண்டு ஆகப்போகிறது. காகிதத்துக்கும் தண்ணீருக்கும் இடையே உள்ள தூரத்தை இன்றைக்கும் நாம்தான் நடந்து கடக்கிறோம்.

கழுதை ஏறிய ஜனநாயகம்

வட்டுவனஅள்ளி ஊராட்சியின் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில் ஏறிப் போன படத்தை நாளிதழ்களில் பார்த்திருப்பீர்கள். 2021 சட்டமன்றத் தேர்தலிலும் அப்படித்தான் போயின. ஓட்டுப்பெட்டிக்கு ஒரு நாள் கழுதை போதும். பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் பாம்பு கடித்தவருக்கும் தினமும் பாதை வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று நிதி பிரிக்கும் கணக்கில், சில நூறு பேர் வாழும் மலை ஊருக்குச் சாலை எப்போதும் 'கட்டுப்படியாகாத' வேலைதான். அந்தக் கணக்கை மாற்றுவதற்குத்தானே பின்தங்கிய பகுதி நிதி?

அரசு நிதி வராத இடத்தில் நம் மக்கள் சும்மா இருந்துவிடவில்லை. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய்க் கட்டட வேலையிலும் பனியன் கம்பெனியிலும் கூலி வாங்கி, அந்தப் பணத்தில் வீட்டைக் கட்டினார்கள். 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகள் எரிக்கப்பட்டபோது அப்படிச் சேர்த்த சேமிப்புதான் சாம்பலானது. பீரோவும் நகையும் வண்டியும் மட்டுமல்ல, பிள்ளைகளின் சான்றிதழ்களும் எரிந்தன. பின்தங்கிய பகுதி முன்னேறும்போது அதற்குள் யார் முன்னேறலாம் என்பதையும் சாதி முடிவுசெய்யப் பார்க்கிறது என்பதை நம் மாவட்டம் அன்று நேரில் கண்டது. பாதுகாப்பு இல்லாத வளர்ச்சிக்கு ஒரு தீக்குச்சி போதும்.

நம் பங்கு எவ்வளவு?

ஆகவே பகுதிக்கான நிதி ஒன்று, மக்களுக்கான நிதி ஒன்று என இரண்டும் தேவை. இரண்டாவதற்காக வந்ததுதான் 1979-80-இல் தொடங்கிய சிறப்புக் கூறுத் திட்டம். மொத்தத் திட்டச் செலவில் பட்டியல் சாதியினரின் மக்கள்தொகை விகிதத்துக்குக் குறையாத பங்கை அவர்களுக்கென ஒதுக்க வேண்டும் என்பது அதன் விதி. 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் அந்த விகிதம் 20 சதவீதம். தருமபுரி மாவட்டத்தில் 16 சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதல். பழங்குடியினர் இங்கே 4 சதவீதத்துக்கு மேல்.

ஆனால் கணக்கு எழுதும் விதத்தில் பங்கு கரைகிறது. ஊருக்கெல்லாம் பொதுவான ஒரு சாலையைப் போட்டுவிட்டு, அதில் நாமும் நடக்கிறோம் என்று ஒரு பங்கை நம் கணக்கில் எழுதுவது ஒரு வழி. செலவழிக்காமல் வைத்திருந்து ஆண்டுக் கடைசியில் திருப்பி அனுப்புவது இன்னொரு வழி. இதைத் தடுக்கத்தான் தனிச் சட்டம் கேட்டு தலித் இயக்கங்கள் பல ஆண்டுகள் போராடின. ஆந்திரமும் கர்நாடகமும் 2013-லேயே சட்டம் இயற்றின. தமிழ்நாடு சட்டமன்றத்தில் 2024 ஜூனில்தான் நிறைவேறியது. 2023-இல் அறிவிக்கப்பட்ட அயோத்திதாசப் பண்டிதர் குடியிருப்பு மேம்பாட்டுத் திட்டத்துக்கு ஐந்தாண்டுகளில் ரூ.1,000 கோடி என்று சொல்லப்பட்டது. 2025 ஏப்ரலில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்கிறோம். பெயர்ப்பலகை மாறும்போது குழாயில் தண்ணீரும் வந்தால்தான் அந்த அறிவிப்பு முழுமையாகும்.

கிராமசபையில் கேட்க வேண்டியவை

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு நாள் கிராமசபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நம் மாவட்டத்தில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்து, தனி அலுவலர்கள் கைக்குப் பொறுப்பு போனது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்தில் கிராமசபைக்குப் போவது இன்னும் முக்கியம். போய் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த ஆண்டு நம் ஊராட்சிக்கு எந்தெந்தத் திட்டத்தில் எவ்வளவு வந்தது? அதில் எவ்வளவு தலித், பழங்குடிக் குடியிருப்புகளுக்குள் செலவானது? கடைசிக் குழாயில் கடைசியாகத் தண்ணீர் வந்தது எந்தத் தேதியில்?

பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள் கெடு. ஒரு நோட்டில் தண்ணீர் வந்த நாள்களைக் குறித்து வைத்தாலே அது ஓர் ஆவணம். ஒகேனக்கல் இரண்டாம் கட்டத் திட்டமும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. புதிய தொட்டி எங்கே, புதிய குழாய் எந்தத் தெருவிலிருந்து தொடங்கும் என்பதைத் திட்டம் வரைபடமாக இருக்கும்போதே கேட்டாக வேண்டும். பள்ளம் தோண்டி மூடிய பிறகு கேட்டுப் பயனில்லை.

நாம் கிளம்பும் நேரத்தில் குழாய் ஒருமுறை காற்றை உறுமிவிட்டுத் தண்ணீரைத் துப்பியது. பேத்தி ஓடிப்போய் முதல் குடத்தை வைத்தார். "எவ்வளவு நேரம் வரும்?" என்று கேட்டோம். "தெரியலை சார், நாலு குடம் வந்தா அதிகம்" என்றவர், கொஞ்சம் நின்று, "இனிமே நோட்டுல எழுதி வைக்கிறேன்" என்றார்.

அவருடைய கேள்விக்கு நம் பதில் இதுதான். பணம் தானாகத் தெருவுக்கு வராது, தங்கச்சி. அதன் கணக்கைக் கையில் பிடித்து இழுத்து வரவேண்டும். நீ எழுதப்போகும் அந்த நோட்டிலிருந்து அது தொடங்கும்.