மூளைக்குள் ஒரு ஹார்ட்வேர்

கம்ப்யூட்டரை வாங்கி மேஜை மேல் வைத்தவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை என்பது இதற்குள் உங்களுக்குப் புரிந்திருக்கும். பிரிண்டரை இணைத்தால் போதாது. அதற்கான டிரைவர் வேண்டும். மானிட்டரின் வெளிச்சத்தைக் கண்ணுக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். ஹார்ட்வேர் பாதி, செட்டிங்ஸ் பாதி.

மனித மூளைக்குள் பொருத்தப்படும் ஒரு சாதனத்திற்கும் இதே கணக்குதான். பார்க்கின்சன் நோய்க்குத் தரப்படும் "டீப் பிரெய்ன் ஸ்டிமுலேஷன்" என்ற சிகிச்சையைத்தான் சொல்கிறேன். தமிழில் மூளை ஆழ்தூண்டல் எனலாம், சுருக்கமாக டி.பி.எஸ். என் தாய்மாமாவுக்கு இதைச் செய்வதா, வேண்டாமா என்று குடும்பமே கூடிப் பேசிய நாட்களில் நான் படித்தும், டாக்டர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை இங்கு தருகிறேன்.

நோய் என்ன?

1817ல் லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. மூளையின் அடிப்பகுதியில் டோபமைன் என்ற ரசாயனத்தைத் தயாரிக்கும் செல்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. அசைவுகளைச் சீராக்கும் மூளைப் பகுதிகளுக்கு இந்த ரசாயனம் அவசியம். அது குறையும்போது கை நடுங்கும், உடல் விறைக்கும், எழுந்து நடக்கவே நேரம் பிடிக்கும்.

1960களின் இறுதியில் லெவோடோபா என்ற மருந்து நடைமுறைக்கு வந்தது. மூளைக்குள் சென்று டோபமைனாக மாறும் இந்த மருந்து தொடக்கத்தில் நன்றாகவே வேலை செய்யும். சில ஆண்டுகள் கழிந்தபின் மாத்திரையின் பலன் நீடிக்கும் நேரம் குறையத் தொடங்கும். மருந்து வேலை செய்யும் நேரத்தை "ஆன்" என்றும், செய்யாத நேரத்தை "ஆஃப்" என்றும் டாக்டர்கள் சொல்கிறார்கள். "ஆன்" நேரத்திலும் சிலருக்கு உடல் தானாக நெளியும்.

என் மாமா ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர். சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்கு மெயில் அனுப்பவே கம்ப்யூட்டர் வாங்கினார். "ஆன்" நேரத்தில் ஒரு பக்கம் டைப் செய்வார். "ஆஃப்" வந்துவிட்டால் மவுஸ் பாயிண்டர் திரை முழுக்க ஆடும்; ஒரு டபுள் கிளிக் கூட விழாது. எந்த மாத்திரை எத்தனை மணிக்கு வேலை செய்தது என்று ஒரு நோட்டில் எழுதி வந்தார். அந்த நோட்டுதான் பின்னர் டாக்டர்களுக்கு மிகவும் உதவியது.

அன்டூ உள்ள ஆபரேஷன்

மூளையின் ஆழத்தில் ஒரு சிறு இடத்தைச் சூடாக்கி அழித்தால் நடுக்கம் குறையும் என்பது முன்பே தெரிந்திருந்தது. ஆனால் அழித்தது அழித்ததுதான். கண்ட்ரோல் இஸட் கிடையாது. அழிக்கும் முன், சரியான இடம்தானா என்று சோதிக்க லேசான மின்சாரம் செலுத்துவார்கள். பிரான்சின் கிரெனோபிள் நகரில் அலிம் லூயி பெனாபிட் என்ற அறுவை நிபுணர், மின் துடிப்புகளை விநாடிக்குச் சுமார் 100 என்ற அளவுக்கு உயர்த்தியபோது நடுக்கம் நின்றதைக் கவனித்தார். மின்சாரத்தை நிறுத்தினால் நடுக்கம் திரும்பியது. அப்படியானால் அழிப்பானேன்? மின்சாரத்தையே தொடர்ந்து கொடுக்கலாமே! 1987ல் இந்த முறை பிறந்தது.

1990ல் அமெரிக்காவில் மாலன் டிலாங்கின் குழு, சப்தலாமிக் நியூக்ளியஸ் என்ற மிகச் சிறிய பகுதியின் செயல்பாட்டைக் குறைத்தால் பார்க்கின்சன் அறிகுறிகள் குறைவதைக் குரங்குகளிடம் காட்டியது. 1993ல் பெனாபிட் குழு அந்த இடத்திலேயே நோயாளிக்கு எலெக்ட்ரோடு வைத்தது. 2002ல் அமெரிக்க அரசின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு பார்க்கின்சன் நோய்க்கு இந்தச் சிகிச்சையை அனுமதித்தது. 2014ல் பெனாபிட், டிலாங் இருவருக்கும் லாஸ்கர் விருது கிடைத்தது.

என்னென்ன பாகங்கள்?

மூன்று பாகங்கள்தான். முதலாவது, மூளைக்குள் செல்லும் எலெக்ட்ரோடு. ஒன்றேகால் மில்லிமீட்டர் தடிமன் கொண்ட இந்தக் கம்பியின் நுனியில் நான்கு மின் முனைகள் இருக்கும். புதிய வகைகளில் எட்டு. இரண்டாவது, காதின் பின்புறமாகத் தோலுக்கு அடியில் கழுத்து வழியே இறங்கும் ஒயர். மூன்றாவது, தோள்பட்டை எலும்புக்குக் கீழே மார்பில் பொருத்தப்படும் பேட்டரிப் பெட்டி. இதயத்திற்கு வைக்கும் பேஸ்மேக்கர் போன்றது.

எம்.ஆர்.ஐ., சி.டி. ஸ்கேன் படங்களைக் கம்ப்யூட்டரில் ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருத்தி, எலெக்ட்ரோடு செல்லும் பாதையை மில்லிமீட்டர் கணக்கில் தீர்மானிக்கிறார்கள். பல மருத்துவமனைகளில் நோயாளி விழித்திருக்கும்போதே ஆபரேஷன் நடக்கும். மூளைக்கு வலி தெரியாது. மூளை செல்களின் மின் சமிக்ஞையை ஸ்பீக்கரில் ஒலியாகக் கேட்டு, சரியான இடத்தை அறிகிறார்கள்.

இனிதான் செட்டிங்ஸ்

பெரும்பாலும் ஆபரேஷன் முடிந்து சில வாரங்கள் கழித்துத்தான் சாதனத்தை முறையாக செட் செய்யத் தொடங்குவார்கள். டேப்லெட் போன்ற ஒரு கருவி மூலம், ஒயர் எதுவும் இன்றி மார்பில் உள்ள பெட்டியுடன் டாக்டர் தொடர்பு கொள்கிறார். எந்த முனைக்கு மின்சாரம், எவ்வளவு அளவு, ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு நேரம், விநாடிக்கு எத்தனை துடிப்பு என நான்கையும் தீர்மானிக்க வேண்டும். விநாடிக்கு 130 துடிப்பு, ஒவ்வொன்றும் 60 மைக்ரோ விநாடி என்பது வழக்கமான தொடக்க அளவு.

மாமாவுடன் நான் ஒருநாள் அமர்ந்திருந்தேன். டாக்டர் மின்சாரத்தை மிகச் சிறிய அளவில் ஏற்றிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் கை நடுக்கம் நின்றது. இன்னும் ஏற்றியதும் பேச்சு குழறியது. உடனே குறைத்தார். நடுக்கத்தில் மாற்றம் சில விநாடிகளில் தெரியும். நடையில் மாற்றம் தெரிய நாட்கள் ஆகலாம். எனவே ஒரே நாளில் முடிகிற வேலை அல்ல. மாமாவுக்கு ஐந்து முறை இரவு பஸ் பிடித்துச் செல்ல வேண்டியிருந்தது.

எதைச் செய்யாது?

இது நோயைக் குணப்படுத்தாது. செல்கள் அழிவதையும் நிறுத்தாது. லெவோடோபாவுக்கு எந்த அறிகுறிகள் கட்டுப்பட்டனவோ, பெரும்பாலும் அவையே இதற்கும் கட்டுப்படும். நடுக்கம் மட்டும் விதிவிலக்கு. மாத்திரைக்கு அடங்காத நடுக்கமும் இதற்கு அடங்கலாம். ஞாபக மறதி, தடுமாறி விழுதல் ஆகியவற்றுக்கு இது மருந்தல்ல. மறதி முற்றியவர்களுக்குச் செய்வதில்லை. நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு மூளையில் ரத்தக் கசிவு ஏற்படலாம், தொற்றும் வரலாம்.

மாமாவுக்கு மாத்திரைகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன, நின்றுவிடவில்லை. கை அடங்கியது, குரல் தணிந்துவிட்டது. போனில் அவர் பேசுவது மகளுக்குச் சரியாகக் கேட்பதில்லை. மெயில் மட்டும் நாள்தோறும் போகிறது.

புதிதாக என்ன?

2025 பிப்ரவரியில், தானே மாற்றிக்கொள்ளும் டி.பி.எஸ். முறைக்கு அமெரிக்கா அனுமதி அளித்தது. மூளையின் மின் அலைகளை அந்தச் சாதனமே கவனித்து, தேவைக்கேற்ப மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும். ஆனால் அதன் எல்லைகளை வகுத்துத் தருவது அப்போதும் டாக்டர்தான்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

1. ஆபரேஷனுக்குப் பின் செட்டிங்ஸ் செய்யப்போவது யார்? எத்தனை முறை வர வேண்டும்? அதற்குத் தனிக் கட்டணமா?

2. பேட்டரி சார்ஜ் செய்யும் வகையா? சாதாரண பேட்டரி மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் தீரும். மாற்ற மீண்டும் சிறு ஆபரேஷன் வேண்டும். சார்ஜ் செய்யும் வகை 15 ஆண்டுகள் வரை வரலாம். அதை ஒழுங்காக சார்ஜ் செய்ய வீட்டில் ஆள் வேண்டும்.

3. எந்த வகை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கலாம்? பிசியோதெரபியில் தரும் டயாதெர்மி சிகிச்சை மட்டும் அறவே கூடாது.

இன்றே செய்யக்கூடியது

ஆபரேஷன் செய்தாலும் செய்யாவிட்டாலும், நடுங்கும் கைக்கு விண்டோஸில் செலவில்லாத உதவிகள் உள்ளன. கண்ட்ரோல் பேனலில் மவுஸ் என்பதைத் திறந்து, டபுள் கிளிக் ஸ்பீட் என்ற ஸ்லைடரை ஸ்லோ பக்கம் நகர்த்துங்கள். அதே இடத்தில் கிளிக் லாக் என்பதை டிக் செய்தால், பட்டனை அழுத்திப் பிடிக்காமலே இழுக்கலாம். வலப்பக்க ஷிப்ட் கீயை எட்டு விநாடிகள் அழுத்தினால் பில்டர் கீஸ் வசதியை இயக்கலாமா என்று கேட்கும். சம்மதம் தந்தால், விரல் நடுங்கி ஒரே எழுத்து இரண்டு மூன்று முறை விழுவது குறையும்.

உங்கள் வீட்டுப் பெரியவர் "எனக்கு இதெல்லாம் வராது" என்று கம்ப்யூட்டரை விட்டு ஒதுங்கியிருந்தால், முதலில் இந்த மூன்றையும் மாற்றிக் கொடுத்துப் பாருங்கள்.