மண்ணில்லாத் தோட்டம்

தண்ணீர் இன்றிச் செடி வாடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தண்ணீரில் நின்றுகொண்டே செடி வாடுவதை நான் பார்த்தது சிகந்தராபாத் பத்மாராவ் நகரில், மூன்றாவது மாடியில் உள்ள எங்கள் வாடகை வீட்டில்தான். ஏணிபோல் அமைந்த இரும்புச் சட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு பிளாஸ்டிக் குழாய்கள். குழாய்களின் முதுகில் வரிசையாகத் துளைகள். துளைக்கு ஒரு மணத்தக்காளிச் செடி. அடித்தொட்டியிலிருந்து ஒரு சிறிய பம்பு நீரை மேலே ஏற்ற, அது குழாய் குழாயாக இறங்கித் திரும்பவும் தொட்டிக்கு வந்து சேரும். சித்திரை மாதத்தில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு மின்சாரம் நின்றது, வந்தது பிற்பகலில். மாலையில் நான் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது அத்தனை செடிகளும் தலை தொங்கிக் கிடந்தன. குழாய்களில் நீர் இருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். குளிப்பதற்கு விளாவிய வெந்நீர் போலிருந்தது.

இந்த ஏற்பாடெல்லாம் என் தாயாருக்காகச் செய்தது. கும்பகோணத்துக்கு அருகில், கொல்லைப்புறம் உள்ள வீட்டில் வாழ்நாளைக் கழித்தவர், தந்தையார் மறைந்தபின் எங்களோடு வந்திருக்கிறார். ஹைதராபாத்தில் கீரைக்குப் பஞ்சமில்லை. நம் தண்டுக்கீரையின் உறவெல்லாம் இங்கே தோட்டக்கூர. பசலை பச்சலியாகவும், பொன்னாங்கண்ணி பொன்னகண்டியாகவும், புளிச்சக்கீரை கோங்குராவாகவும் மலைமலையாகக் குவிந்து கிடக்கின்றன. ஆனால் மணத்தக்காளியை மட்டும் மெஹதிப்பட்டணம் ரைத்து பஜார் வரை சென்று தேடியும் நான் காணவில்லை. தெலுங்கில் அதற்குக் காமஞ்சி என்று பெயர் உண்டு, பெயரைச் சொன்னால் புரிந்துகொள்ளும் மூதாட்டிகளும் உண்டு, கூடையில்தான் இல்லை. வாய்ப்புண் வந்தால் அம்மாவுக்கு வேறு மருந்து கிடையாது. மண் தொட்டிகளை அடுக்கலாம் என்றால், தளத்தில் ஈரம் இறங்கும், பாரமும் ஏறும் என்று வீட்டுக்காரர் ஒப்பவில்லை. அதனால்தான் மண்ணில்லாத் தோட்டத்தை நாடினேன்.

மண்ணின்றிச் செடி வளருமா என்ற வினா புதிதன்று. பிரஸ்ஸல்ஸ் நகரத்து வைத்தியர் வான் ஹெல்மான்ட் என்பவர் 200 ராத்தல் உலர்ந்த மண்ணில் 5 ராத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றி வந்தார். மரம் 169 ராத்தலுக்குச் சற்று மேல் இருந்தது. மண்ணில் குறைந்தது ஏறத்தாழ 2 அவுன்சுதான். அவர் மறைந்தபின் 1648-இல் இது நூலில் வெளிவந்தது. மரம் முழுவதும் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். அது பிழை, காற்றிலுள்ள கரியமில வாயுவின் பங்கை அவர் அறியவில்லை. அந்த 2 அவுன்சைப் பொருட்படுத்தாததும் பிழையே.

1699-இல் இங்கிலாந்தில் ஜான் உட்வர்ட் என்பவர் புதினாக் கொத்துகளைப் பலவகை நீரில் வளர்த்துப் பார்த்தார். மழைநீரில் வளர்ந்ததைவிடத் தேம்ஸ் ஆற்று நீரிலும், அதைவிடத் தோட்ட மண் கலந்த நீரிலும் புதினா செழித்தது. ஆகவே செடிக்கு வேண்டியது வெறும் நீர் அன்று, நீரில் கரைந்துள்ள ஏதோ ஒன்று என்பது புலனாயிற்று. 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியில் சாக்ஸ், நாப் என்னும் இரு விஞ்ஞானிகள் அந்த 'ஏதோ ஒன்று' இன்னின்ன உப்புகள் என்று கண்டு, அவற்றைக் கரைத்த நீரிலேயே செடிகளை வளர்த்துக் காட்டினார்கள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, சுண்ணாம்புச்சத்து முதலாகத் தாதுச் சத்துகள் 14 என்பது இன்றைய கணக்கு. மண் இவற்றைச் சேமித்து வைக்கும் களஞ்சியம். வேருக்குப் பிடிமானமும் தருகிறது. இவ்விரண்டையும் வேறு வழியில் செய்துவிட்டால் மண் இன்றியும் செடி வாழும்.

இதனைப் பயிர்த்தொழிலாக்க முனைந்தவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெரிக்கி. 1937-இல் அவர் வெளியிட்ட 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்ற பெயர் இரண்டு கிரேக்கச் சொற்களால் ஆனது. முன்னது நீர், பின்னது உழைப்பு. மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு இந்தப் பின்பாதியின்மேல் ஒரு பற்று. தமிழில் 'மண்ணில்லா வேளாண்மை' என்கிறோம். பொருள் விளங்குகிறது, உழைப்பு மறைந்துவிடுகிறது! உழைப்பு மறையவில்லை என்பதைச் சித்திரை வெயில் எனக்குக் காட்டிற்று.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. அன்றைய வங்காள மாகாணத்தில், டார்ஜிலிங் ஜில்லாவின் காலிம்பாங்கில், ஜேம்ஸ் ஷோல்டோ டக்ளஸ் என்ற ஆங்கிலேயர் 1946-இல் சோதனைகளைத் தொடங்கினார். விலையுயர்ந்த பம்புகளும் தொட்டிகளும் நம் குடியானவருக்கு எட்டா என்பதை உணர்ந்த அவர், கல்சல்லியும் மணலும் கலந்த படுகையில் உப்புக் கலவையை உலர்ந்தபடியே தூவி, மேலே நீர் தெளிக்கும் எளிய முறையை வகுத்தார். 1951-இல் வெளிவந்த அவருடைய நூலுக்கு 'வங்காள முறை' என்பதையே தலைப்பில் சேர்த்தார். அவருடைய கல்சல்லிப் படுகையில், நீர் வடிந்தபின் கற்களின் இடுக்குகளில் காற்று புகுந்து நிற்கும். என் குழாயில் இல்லாமற் போனது அந்தக் காற்றுதான்.

இலை கரியமில வாயுவை உண்கிறது என்று பள்ளியில் படித்தோம். வேர் சுவாசிக்கிறது, அதற்குப் பிராணவாயு வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். 20 டிகிரி சென்டிகிரேட் வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கும். 35 டிகிரியில் 7 மில்லிகிராம்கூடத் தங்காது. நீர் சுட்டால் வேரின் மூச்சோ விரைவுபடும். வரவு குறைந்து செலவு மிகும் இந்நிலையில் ஓட்டமும் நின்றுவிட்டால், வேர் மூச்சுத் திணறி நீரை உறிஞ்சும் ஆற்றலை இழக்கிறது. நீரில் நின்றே செடி வாடுவதன் மர்மம் இதுவே. அப்படி நலிந்த வேரை அழுகல் நோய் எளிதில் பற்றிக்கொள்ளும். வெண்ணிற வேர் பழுப்பாகி, குழகுழத்து, நாற்றமடிக்கும்.

பம்பு இல்லாமலே இந்தக் குறையைத் தீர்க்கும் வழி ஒன்றை ஹவாய்ப் பல்கலைக்கழகத்துத் தோட்டக்கலை அறிஞர் பெர்னார்ட் கிராட்கி வகுத்திருக்கிறார். மூடியுள்ள வாளியில் சத்துநீரை நிரப்பி, மூடித் துளையில் வலைக்கிண்ணம் பொருத்தி, அதில் தென்னைநார்த் தூளோடு நாற்றை வைக்க வேண்டும். கிண்ணத்தின் அடி மட்டும் நீரைத் தொடட்டும். செடி நீரைக் குடிக்கக் குடிக்க மட்டம் தாழும். மேலே உண்டாகும் வெற்றிடத்தில் ஈரக்காற்று நிற்கும். மேல்வேர்கள் காற்றையும் கீழ்வேர்கள் நீரையும் பங்கிட்டுக்கொள்ளும். நீர் குறைந்துவிட்டதே என்று பதறி விளிம்புவரை ஊற்றினால் காற்று வேர்களெல்லாம் மூழ்கிவிடும். பாதிக்குக் கீழே இறங்கினால் சிறிதளவு சேர்த்தால் போதும். மின்வெட்டைப் பற்றிய கவலையே இல்லை.

குழாய்களை அகற்றிவிட்டு, அதே இரும்புச் சட்டத்தில் பலகைகள் இட்டு, பத்து லிட்டர் வாளிகளை மூன்று அடுக்காக வைத்தேன். நிரம்பிய வாளி சுமார் பத்து கிலோதான். அதே அளவு ஈரமண் அதைவிடக் கனக்கும் என்று கணக்குக் காட்டியபின் வீட்டுக்காரர் இசைந்தார். சட்டத்தை மேற்கிலிருந்து கிழக்குத் தாழ்வாரத்துக்கு மாற்றினேன். அடுக்கித் தோட்டம் போடுவோர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும்: இடத்தை அடுக்கலாம், வெயிலை அடுக்க முடியாது. மேல்தட்டின் நிழல் கீழ்த்தட்டில் விழும். ஆகையால் மணத்தக்காளி உச்சியில். அரைநிழலைப் பொறுக்கும் வல்லாரையும் புதினாவும் கீழே. ஒளி புகுந்தால் நீரில் பாசி படரும். எனவே வாளி ஒளி புகாததாக இருப்பது அவசியம். வெளிப்புறம் வெள்ளைப் பூச்சு. பங்குனி பிறந்ததும் அதன்மேல் ஈரச் சாக்கு. ஹைதராபாத்தின் உலர்ந்த கோடைக்காற்றில் ஈரச் சாக்கு மண்பானையின் வேலையைச் செய்கிறது.

சத்துப்பொடி கடைகளில் இரண்டு பொட்டலங்களாகக் கிடைக்கிறது. இது வியாபாரத் தந்திரமோ என்று ஐயுற்று இரண்டையும் ஒரே போத்தலில் கரைத்தேன். அடியில் வெண்ணிற மண்டி படிந்தது. ஒன்றிலுள்ள கால்சியமும் மற்றதிலுள்ள சல்பேட், பாஸ்பேட்டுகளும் செறிவான நிலையில் கூடினால் கரையாத பொருளாகிவிடும், செடிக்கு எட்டாது. ஆகவே ஒன்றை முழு வாளி நீரில் நன்றாகக் கலக்கியபிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும். அளவு பொட்டலத்தில் உள்ளபடி. கூடுதலாகப் போட்டால் கூடுதலாக வளரும் என்பதில்லை. இலை நுனி கருகும்.

இந்நகரத்தில் இன்னொரு தொல்லை ஆழ்குழாய்க் கிணற்று நீர். கருங்கல் பாறை இடுக்குகளிலிருந்து வரும் அந்நீரில் பல இடங்களில் உப்பும் கடினத்தன்மையும் மிகுதி. அது கரைசலைக் காரநிலைக்கு இழுத்துச் செல்ல, இரும்புச்சத்து வேருக்கு எட்டாமல், இளந்தளிர் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் மாறும். கீரைக்கு உகந்த அமிலநிலை எண் 5.5 முதல் 6.5 வரை. மாநகராட்சிக் குழாய் நீரை ஓர் இரவு திறந்து வைத்துப் பயன்படுத்துவது நலம். மழைநீர் கிடைத்தால் அதனினும் நலம். வீட்டுச் சுத்திகரிப்புக் கருவி கழித்துவிடும் நீரை ஊற்றாதீர்கள். உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. மூடியில் சிறு சந்துகூட இராமல் அடைத்துவிடுங்கள். டெங்குக் கொசுவுக்குத் தெளிந்த தேங்கு நீரே தொட்டில்.

சிக்கனம் கருதி இதில் இறங்க வேண்டாம். வாளி, கிண்ணம், பொடி எல்லாம் சேர்த்தால், தோட்டக்கூரயைச் சந்தையில் வாங்குவதே மலிவு. நெல்லோ கிழங்கோ இதற்கு ஏற்றவை அல்ல. சந்தையில் கிடைக்காத, அன்றாடம் ஒரு பிடி மட்டும் வேண்டியிருக்கிற தழைகளுக்கு இது ஏற்ற முறை. தொடங்க விரும்புவோர் உட்வர்ட் செய்தபடி ஒரு போத்தலில் புதினாத் தண்டை இட்டுப் பாருங்கள், செலவில்லை. பழைய சத்துநீரைச் சாக்கடையில் கொட்டாமல் துளசிக்கு ஊற்றுங்கள். ஹுசேன் சாகர் ஏரியைப் பச்சையாக்கியதில் இத்தகைய சத்துகளுக்கும் பங்கு உண்டு.

"தண்ணியிலே வளர்ந்ததுக்கு ருசி இருக்குமாடா?" என்று அம்மா தொடக்கத்தில் கேட்டார். மண்ணிலும் வேர் உறிஞ்சுவது நீரில் கரைந்த அதே உப்புகளைத்தான் என்றேன், அவர் ஒப்பவில்லை. புரட்டாசியில் முதல் பறிப்பு, தேங்காய்ப் பால் விட்ட தண்ணிச் சாறு. இரண்டு கரண்டி உண்டபின், "கசப்பு இருக்கு. அப்போ சரிதான்" என்றார். இப்போது கறுத்த பழங்களிலிருந்து விதை எடுத்துச் சாம்பலில் புரட்டிக் காயவைத்திருக்கிறார். ஸ்கந்தகிரி கோயிலில் பழக்கமான இரண்டு வீட்டார் கேட்டிருக்கிறார்களாம்.