உங்களுக்குத் தெரியுமா? மழைக்காட்டுக்கு வெயில் போதவில்லை!

செடி வாடினால் உடனே தண்ணீர் ஊற்றுகிறோம். ஆனால், உலகின் பசுமைப் பரப்பில் சுமார் 40 விழுக்காட்டில்தான் தண்ணீர்ப் பற்றாக்குறை வளர்ச்சிக்கு முதல் தடை. 33 விழுக்காட்டில் குளிர். மீதி 27 விழுக்காட்டில் போதாமல் இருப்பது வெயில்!

அமேசான் காட்டையே பாருங்கள். பூமத்தியரேகையை ஒட்டிய இடம். வெப்பத்துக்கும் மழைக்கும் பஞ்சமில்லை. ஆனால் மேகம் அடிக்கடி கவிந்து கிடப்பதால், ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய ஒளி இலைகளுக்கு முழுதாகக் கிடைப்பதில்லை. 1982 முதல் 1999 வரையான தட்பவெப்பத் தகவல்களையும் செயற்கைக்கோள் பதிவுகளையும் ஆய்வாளர் ராமகிருஷ்ண நேமானி குழுவினர் அலசி, முடிவுகளை 2003இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். அந்தக் காலத்தில் நிலத்தாவரங்களின் உற்பத்தி உலக அளவில் 6 விழுக்காடு கூடியிருந்தது. வியப்பு என்னவென்றால், அந்தக் கூடுதலில் 42 விழுக்காடு அமேசான் மழைக்காடுகளுடையது! மேகமூட்டம் குறைந்து வெயில் கூடியதுதான் அங்கே முக்கியக் காரணம்.

நெல்லுக்கும் இதே கதைதான். பிலிப்பைன்ஸில் பாசன வசதியுள்ள வயல்கள், மேகம் மூடிய மழைக்காலத்தைவிட, வெயில் அடிக்கும் வறண்ட பருவத்தில்தான் அதிக விளைச்சல் தருகின்றன.