புவிப் புதையலும் போர்ட் வெல்ட் துறையும்



புதையல் என்றதும் பொற்காசும் பூதமும் நம் நினைவுக்கு வருதல் இயல்பே. நாம் ஈண்டு எடுத்துரைக்கப்போகும் புதையலில் அவை இரண்டும் இல்லை. மழைநீர் புகாத சிறு டப்பா ஒன்று. அதனுள்ளே ஒரு குறிப்பேடு, ஒரு பென்சில், சில்லறை விளையாட்டுப் பொருள்கள் சில. அவ்வளவே. அதனை ஒருவர் ஓரிடத்தில் மறைத்துவைத்து, அவ்விடத்தைக் காட்டும் எண்களை மட்டும் வெளியிடுவார். மற்றவர் அவ்வெண்களைக் கொண்டு தேடிக் கண்டுபிடித்து, குறிப்பேட்டில் தம் பெயரையும் நாளையும் எழுதிவிட்டு, டப்பாவை இருந்தவாறே வைத்துத் திரும்புவர். உள்ளிருக்கும் பொருளை எடுத்தால், அதற்கு ஈடான பொருளொன்றை வைத்துவர வேண்டும். ஜியோகேச்சிங் என உலகோர் வழங்கும் இவ்விளையாட்டைப் புவிப் புதையல் என நாம் அழைப்போம். இன்று உலகெங்கும் 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட டப்பாக்கள் இவ்வாறு மறைந்து கிடக்கின்றன.

எண்கள் எவ்வாறு இடத்தைக் காட்டும்? பூமியின் மீது கிழக்கு மேற்காகவும் வடக்குத் தெற்காகவும் வரையப்பெற்ற கற்பனைக் கோடுகளை நீங்கள் வகுப்பில் படித்திருப்பீர்கள். அட்சரேகை, தீர்க்கரேகை என்பன அவை. ஈப்போ இரயில் நிலையம் ஏறத்தாழ வடக்கு 4 பாகை 36 கலை, கிழக்கு 101 பாகை 4 கலையில் உள்ளது. ஒரு கலை என்பது நம் நாட்டில் ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர் தூரம். அதனை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு இரண்டு மீட்டருக்கும் குறைவு. ஒரு பால்மரத்தின் அடியைச் சுட்டுவதற்கு அது போதும்.

நாம் நிற்கும் இடத்தின் எண்களைக் கைப்பேசி அறிந்து சொல்வது விண்ணிலுள்ள செயற்கைக்கோள்களின் உதவியால். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில், 24க்குக் குறையாத செயற்கைக்கோள்கள் நாளொன்றுக்கு இருமுறை பூமியை வலம் வருகின்றன. ஒவ்வொன்றும் தன்னிடமுள்ள நுட்பமான கடிகாரத்தின் நேரத்தை இடையறாது அறிவித்த வண்ணம் உள்ளது. தைப்பிங் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதனை விளக்குவது எளிது. அங்கு மழைக்கும் இடிக்கும் பஞ்சமில்லை. மின்னலைக் கண்டபின் இடி கேட்கும்வரை விநாடிகளை எண்ணி, 3 விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் எனக் கணக்கிட்டால் இடி விழுந்த தூரம் தெரியும் அன்றோ? கைப்பேசியும் அவ்வாறே செய்தி வந்துசேரப் பிடித்த நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணிக்கிறது. ஆனால் ஒளியின் வேகம் விநாடிக்கு 3 இலட்சம் கிலோமீட்டர். கடிகாரம் பத்து இலட்சத்தில் ஒரு விநாடி பிசகினும் இடம் 300 மீட்டர் தவறிவிடும். மூன்று செயற்கைக்கோள்களின் தூரம் இடத்தைச் சொல்லும். நான்காவது, நம் கைப்பேசிக் கடிகாரத்தின் பிசகைத் திருத்தும்.

அமெரிக்க இராணுவத்துக்காக அமைந்த ஏற்பாடு இது. பொதுமக்களுக்குக் கிட்டும் செய்தியில் வேண்டுமென்றே பிழை கலந்திருந்தனர். அதனால் இடம் 100 மீட்டர் வரை தவறும். 2000ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் அப்பிழையை நீக்கினர். மறுநாளே டேவ் அல்மர் என்னும் அமெரிக்கர், ஓரிகன் மாநிலத்துக் காடொன்றில் கறுப்பு வாளியைப் பாதி புதைத்து, எண்களை அறிவித்தார். புத்தகம், கவண், அவரைக்கொட்டை அடைத்த தகரடப்பா ஆகியன அதில் இருந்தன. மூன்று நாள்களுக்குள் இருவர் கண்டுபிடித்துவிட்டனர். உண்பொருள் வைத்தல் தகாது என்னும் விதி பின்னரே வந்தது. நம் ஊர்க் குரங்குகளை அவர் அறிந்திருந்தால் முதலிலேயே வைத்திருக்க மாட்டார்.

இவ்விளையாட்டில் ஈடுபட்டோர் பழைமையான இடங்களையே பெரிதும் நாடுவர். இங்கிலாந்தில் மக்கள் காற்று வாங்கவும் களிக்கவும் கடலுக்குள் நீளக் கட்டிய கடற்பாலங்கள் பல உள்ளன. சவுத்தெண்டு நகரில் 1830இல் மரத்தாலும் 1889இல் இரும்பாலும் எழுப்பப்பெற்ற பாலம் 2 கிலோமீட்டருக்கும் மேல் நீளமுடையது. அதன்மீது சிறு இரயிலும் ஓடுகிறது. கூட்டம் மிகுந்த அத்தகைய இடங்களில் டப்பாவை மறைத்தல் அரிது. ஆதலின் அங்குள்ள கல்வெட்டையும் பலகையையும் படித்து, அவற்றிலுள்ள ஆண்டுகளைக் கூட்டிக் கழித்து, அடுத்த இடத்தின் எண்களைப் பெறுமாறு புதிர் அமைப்பர். தேடுவோர் வரலாற்றைப் படித்தே ஆகவேண்டும்!

உல்லாசக் கடற்பாலத்தை நம் பேராக்கில் தேட வேண்டா. நம்மிடம் உழைப்பின் துறை ஒன்று உண்டு. தைப்பிங்கிற்கு மேற்கே, பாக்காவ் மரக்காட்டின் நடுவே, ஆற்றோரம் அமைந்த போர்ட் வெல்ட் அது. லாருட் சுரங்கங்களின் ஈயத்தைக் கப்பலேற்றுவதற்காக, 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், தைப்பிங்கிலிருந்து இத்துறைக்கு நாட்டின் முதல் இரயில் பாதை திறக்கப்பெற்றது. நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். இலங்கையிலிருந்து வந்த பயோனியர் படையினர் சேற்றிலும் காட்டிலும் நின்று அதனை அமைத்தனர். இன்று அங்கு இரயில் இல்லை. துறையின் பெயரும் கோலா செப்பெத்தாங் என மாறிவிட்டது. எஞ்சியிருப்பவற்றுள் சிறந்தது நிலையத்தின் பழைய பெயர்ப்பலகை. ஆங்கிலம், ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் ஊர்ப்பெயர் எழுதப்பெற்ற பலகை அது. கரி வாங்கவும் மீன் உண்ணவும் செல்வோர் பலர் அதனருகே நின்று படம் எடுப்பர். தமிழெழுத்து அங்கு ஏன் வந்தது எனப் பிள்ளைகளுக்குச் சொல்வோர் சிலரே.

அத்துறைக்கு நாம் அமைத்த புதிர் இது. பலகையில் எத்தனை மொழிகளின் எழுத்துகள் உள்ளன? அது வடக்குப் பாகை. இரயில் ஓடத் தொடங்கிய ஆண்டின் நான்கு இலக்கங்களையும் கூட்டி, 28 சேர்க்க. அது வடக்குக் கலை. கிழக்குப் பாகை 100. ஆண்டின் இலக்கக் கூட்டுத்தொகையோடு அதன் நடுவிலுள்ள இரண்டு இலக்கங்களை மீண்டும் கூட்ட, கிழக்குக் கலை வரும். முறையே 4, 50, 100, 38 எனப் பெற்றால் ஊரை அடைந்தீர்கள். டப்பாவை அடைய, கலையின் ஆயிரங்கூறுகளும் வேண்டும்.

டப்பா வைக்கப் புகுவோர் இடத்துக்குரியவரிடம் இசைவு பெறல் வேண்டும். இரயில் பாதை, படகுத்துறையின் அடிக்கால், கோவில் பிரகாரம் ஆகியன ஆகா. உள்ளே இருப்பது யாது என மேலே எழுதி ஒட்டுக. புதருக்குள் கைவிடுமுன் கோலால் தட்டுக. பெரியவர் துணையின்றிச் சிறுவர் செல்லலாகாது.

பெற்றோர்க்கும் தோட்டத் தொழிலாளத் தோழர்க்கும் ஒன்று கூற விழைகிறோம். போர்ட் வெல்டின் பெயர் மாறினும் அதன் எண்கள் மாறவில்லை. நம் தோட்டங்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். 1877இல் கோலாகங்சாரில் ஊன்றிய கன்றுகளுள் ஒன்று மரமாகி, பெயர்ப்பலகையோடு பாதுகாக்கப்படுகிறது. அம்மரத்தின் வழிவந்த காடுகளில் பால் வெட்டியவர்களின் லயங்களுக்கோ பலகை இல்லை. பால்மரம் செம்பனையாயிற்று, செம்பனை வீடமைப்புப் பகுதியாயிற்று. வெள்ளைக்காரர் தோட்டத்துக்கு வைத்த பெயர் ஒன்று, நம்மவர் வழங்கிய பெயர் வேறொன்று. இரண்டும் இன்று வரைபடத்தில் காணோம். கிணறு இருந்த இடத்தையும், பெரட்டுக் களத்தையும், பழைய பள்ளிக்கூடத்தையும், இடுகாட்டையும் விரல் நீட்டிக் காட்டவல்ல பாட்டிமாரும் தாத்தாமாரும் இன்னும் சில இல்லங்களில் உள்ளனர். எண்கள் அவர்களுக்குத் தெரியா. எண்களை எடுக்கத் தெரிந்த பேரப்பிள்ளைகளுக்கோ இடம் தெரியாது. இருவரும் ஒருநாள் சேர்ந்து சென்றாலன்றி இக்காரியம் முடியாது. அந்நாளைத் தள்ளிப்போடுதல் நன்றன்று என்பது எம் கருத்து.

அவ்வாறு செல்லும்போது, இடுகாட்டிலும் கோவிலிலும் டப்பா வைக்க வேண்டா. எண்களை மட்டும் குறித்துக்கொள்க. அதனருகே தோட்டத்தின் இரு பெயர்களையும், இடத்தைக் காட்டியவர் பெயரையும், நாளையும் எழுதுக. தற்போது அந்நிலம் பிறர் உடைமையாயின் முன்னரே கேட்டுச் செல்க. செம்பனை ஓலைகளின் கீழ் விண்செய்தி சரிவரக் கிட்டாது. ஆதலின் வானம் தெரியும் வெளியில் சில நிமிடம் அசையாது நின்று, எண்கள் மாறாது நிலைத்தபின் எழுதுக. பாட்டி நிற்பதற்கு ஒரு குடையும் கொண்டு செல்க.