பங்கிட இசையும் பேரெண்கள்

சிவகாசியை அடுத்த தாயில்பட்டி வட்டாரப் பட்டாசுத் தொழிலில் ‘பத்தாயிரம் வாலா’ என்ற பெயர் நெடுங்காலம் புகழ்பெற்றிருந்தது. 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் சரவெடிகளுக்குத் தடை விதித்தது. ஆயினும், பத்தாயிரம் என்பது நிறைவான எண் என்ற எண்ணம் மக்களிடம் நிலைத்திருக்கிறது. கணித நோக்கில் அவ்வெண் எத்தகையது?

10,000க்கு 25 காரணிகளே உள்ளன. மூன்று, ஆறு, ஏழு, ஒன்பது பேருக்கு அதனை மீதமின்றிப் பங்கிட இயலாது. அதனினும் 80 மட்டுமே மிகுந்த 10,080க்கோ 72 காரணிகள் உள்ளன. ஒன்று முதல் பத்து வரையுள்ள எல்லா எண்களும் அதனை மீதமின்றி வகுக்கும்.

இதன் காரணத்தைப் பகா எண்களில் காண்கிறோம். 10,000 என்பது நான்கு இரண்டுகளும் நான்கு ஐந்துகளும் பெருகியது. ஒவ்வொரு பகா எண்ணும் வரும் முறையோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் தொகை கிடைக்கும்: 5×5=25. 10,080இல் இரண்டு ஐந்து முறையும், மூன்று இரு முறையும், ஐந்தும் ஏழும் ஒவ்வொரு முறையும் வருகின்றன: 6×3×2×2=72. எண்களைப் பகா எண்களாகப் பகுத்துக் காரணிகளைக் கணக்கிடும் இவ்வழியை, பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த பாரசீக அறிஞர் கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ ஆராய்ந்துள்ளார்.

நம் பாகப்பிரிவினைச் சட்டமும் இவ்வமைப்பை வேண்டி நிற்கிறது. திருக்குர்ஆன் குறிப்பிடும் பங்குகள் அரை, கால், அரைக்கால், மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று ஆகியன. ஃபராயிழ் நூல்கள் இவற்றுக்கு மரபாகக் கொள்ளும் அடிப்படை எண்கள் 2, 3, 4, 6, 8, 12, 24 என ஏழு. ஒன்று நீங்கலாக, 24இன் காரணிகள் அனைத்தும் இவையே. ஒருவர் மனைவி, தாய், இரு புதல்வியர், உடன்பிறந்த சகோதரர் ஒருவர் ஆகியோரை விட்டு மறைந்தால், சொத்தை 24 கூறாக்கி முறையே 3, 4, 16, 1 என வழங்குவர். சொத்து 10,000 ரூபாயாயின் முழு ரூபாயில் பங்கு அமையாது. 10,080 ஆயின் 1,260, 1,680, 6,720, 420 எனச் செம்மையாக அமையும்.

தன்னினும் சிறிய ஒவ்வோர் எண்ணைக் காட்டிலும் மிகுதியான காரணிகளைக் கொண்ட எண்களுள் 24உம் 10,080உம் அடங்கும். இவ்வகை எண்களை விரிவாக ஆராய்ந்தவர் கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன். 1915இல் வெளிவந்த அவரது கட்டுரையின் பட்டியல் 67,46,32,83,88,800 வரை செல்கிறது. ஏறத்தாழ ஆறே முக்கால் இலட்சம் கோடியாகிய அவ்வெண்ணின் காரணிகள் சரியாக 10,080! இவ்வாய்வுக்காகவே 1916இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் வழங்கியது.

எனினும் அப்பட்டியலில் 2,93,31,86,25,600 என்ற ஓர் எண் விடுபட்டுள்ளது. அதனை 23ஆல் பெருக்கினால் கிடைப்பது பட்டியலின் இறுதி எண்ணே. பிற்காலத்தார் மீண்டும் கணக்கிட்டதாலேயே அவ்விடம் நிரம்பியது. முன்னோரின் அறிவை மதித்தல் என்பது அவர்தம் கணக்கைப் பாராட்டுவதோடு, அதனைச் சரிபார்த்தலுமாகும். பிறருடைய பங்கைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பினர்க்கு இது பெரிதும் பொருந்தும்.