நல்ல தாதி நல்ல ஆசானாகவும் ஆவது எப்படி? வழிகாட்டித் தாதியருக்கான இயங்கலைப் பயிற்சி



என்னிடம் ஐந்தாம் படிவத்தில் தமிழ் படித்த மாணவி ஒருத்தி இப்போது தாதிமை டிப்ளோமா படிக்கிறாள். தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்தாள். "வார்டு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். "வேலை பிடிச்சிருக்கு டீச்சர். ஆனா மிஸ்ஸிகிட்ட சந்தேகம் கேட்டா, 'இதுகூடத் தெரியாதா'ன்னு எல்லாரு முன்னாடியும் ஏசுறாங்க. அதனால இப்ப கேக்குறதே இல்ல," என்றாள்.

அந்தக் கடைசி வரிதான் என்னை உறுத்தியது. வகுப்பில் மாணவர் கேட்காமல் விட்டால் சில புள்ளிகள் போகும். வார்டில் கேட்காமல் விட்டால் பாதிப்பு நோயாளிக்கு.

சிக்கல் எங்கே?

1947இலேயே தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்ட ஊர் நம் பினாங்கு. அன்றும் இன்றும் தாதிமையைப் பாதி வகுப்பறையிலும் பாதி நோயாளியின் கட்டிலருகிலும்தான் கற்கிறார்கள். கல்லூரிப் பயிற்றுநர் எல்லா நேரமும் கூடவே நிற்க முடியாது. அதனால் வார்டில் வேலை செய்யும் மூத்த தாதியே வழிகாட்டி ஆகிறார். அவர் திறமைசாலிதான். ஆனால் கற்பிக்கும் முறையை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

பெட்ரிசியா பென்னர் என்ற அமெரிக்கத் தாதிமை அறிஞர், புதியவர் முதல் நிபுணர் வரை ஐந்து படிநிலைகள் உண்டு என்று 1984இல் விளக்கினார். நிபுணர் பார்த்தவுடனே புரிந்துகொள்வார். புதியவருக்கு ஒவ்வொரு விதியையும் சொல்ல வேண்டும். தனக்குக் கைவந்ததைப் படிப்படியாகப் பிரித்துச் சொல்வது நிபுணருக்குச் சிரமம். 'இதுகூடத் தெரியாதா' என்ற கேள்வி பெரும்பாலும் இங்கிருந்துதான் பிறக்கிறது.

இயங்கலை எப்படி உதவும்?

தாதியருக்குக் காலை, மாலை, இரவு என்று ஷிஃப்ட் மாறும். எல்லாரையும் ஒரே அறையில் கூட்டுவது கஷ்டம். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய பிறகு இயங்கலையில் கற்பது எல்லாருக்குமே பழகிவிட்டது. சிறு காணொளி, ஒரு சூழல், சில கேள்விகள் என்று அவரவர் நேரத்தில் படிக்கலாம்.

இத்தகைய பயிற்சிகளில் கற்பிக்கத்தக்க எளிய முறை ஒன்று, அமெரிக்காவில் 1992இல் குடும்ப மருத்துவப் பயிற்சிக்காக வெளிவந்தது. அதில் ஐந்து படிகள். இரத்த அழுத்த மருந்து கொடுக்கும் முன் மாணவி அளந்து பார்க்கிறாள். அழுத்தம் 90/60 என்று இருக்கிறது. வழிகாட்டித் தாதி என்ன செய்வார்?

1. முடிவைக் கேட்பார்: "இப்ப என்ன செய்யப் போற?"
2. காரணம் கேட்பார்: "ஏன் அப்படி நினைக்கிற?"
3. பொதுவிதி ஒன்றைச் சொல்வார்: "அழுத்தம் குறைவா இருந்தா மருந்த நிறுத்தி வெச்சு, டாக்டர்கிட்ட சொல்லணும்."
4. சரியானதைப் பாராட்டுவார்: "கொடுக்கறதுக்கு முன்னாடி அளந்த பாரு, அது நல்லது."
5. தவறைத் திருத்துவார்: "கை சரியான உயரத்துல இல்ல. இன்னொரு தடவ அளந்து பாரு."

இதற்குச் சில நிமிடங்கள் போதும். ஏச்சும் இல்லை, பயமும் இல்லை.

எல்லை எது?

ஜார்ஜ் மில்லர் 1990இல் திறனை நான்கு தளங்களாகப் பிரித்தார்: அறிதல், எப்படி என்று அறிதல், செய்து காட்டல், உண்மையான பணியில் செய்தல். இயங்கலைப் பயிற்சி முதலிரண்டு தளங்களுக்கு நன்றாக உதவும். மேலிரண்டையும் ஒருவர் நேரில் கவனித்துத்தான் உறுதிசெய்ய முடியும். ஆக, சான்றிதழ் மட்டும் போதாது.

பிரிட்டன் 2018இல் கொண்டுவந்த தரநிலைகளில் இன்னொரு பாடம் உண்டு. அங்கே ஒரு மாணவருக்கு அன்றாடம் வழிகாட்டுபவர் வேறு, அவரை மதிப்பிடுபவர் வேறு. புள்ளி போடுபவரிடமே 'தெரியாது' என்று சொல்ல யாருக்குத்தான் தயக்கம் வராது?

நமக்கு என்ன?

ஆசிரியர்களே, நம் பள்ளிக்கும் பயிற்சி ஆசிரியர்கள் வருகிறார்கள். பாடம் முடிந்ததும் குறைகளைப் பட்டியல் போடுவதற்கு முன், "ஏன் இப்படித் தொடங்கினீங்க?" என்று கேட்டுப் பாருங்கள்.

மாணவர்களே, விளக்கக் கட்டுரையிலும் இந்த வரிசை கைகொடுக்கும்: கருத்தைச் சொல்லுங்கள், காரணம் தாருங்கள், சான்று காட்டுங்கள். வழிகாட்டி, மேற்பார்வை, பின்னூட்டம், படிநிலை ஆகிய சொற்களையும் குறித்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் கேளுங்கள். கேட்பவரை ஏசாமல் இருப்பது எங்கள் பொறுப்பு.