ஆம்பூரின் ஊசி முனையில் நம் சகோதரிகள்

லுஹர் தொழுகை முடிந்த நேரத்தில் ஆம்பூரின் பழைய தெருக்களில் நடந்தால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். வாசல் நடையிலோ மரத்தடியிலோ நான்கைந்து பெண்கள் சேர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் "பாஜி" என்பார், இன்னொருவர் "அக்கா" என்பார். பேச்சு உருதுவிலும் தமிழிலும் மாறி மாறி ஓடும். யார் வீட்டில் நிக்காஹ், யாருடைய மகள் பிளஸ் டூவில் எவ்வளவு மார்க், நாளைக்கு மூட்டை வருமா வராதா. கைகள் மட்டும் நிற்காது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஸ்வெட்டர் பின்னுகிறார்களோ என்று தோன்றும். ஆனால் அவர்கள் மடியில் இருப்பது கம்பளி நூல் அல்ல, ஷூவின் மேல்பாகமான தோல்.

2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்த பழைய வேலூர் மாவட்டத்தின் வாழ்க்கையே தோலைச் சுற்றியது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று ஊர்களை வரிசையாகச் சொன்னாலே போதும். இந்த ஊர்களின் முதலாளிகளைப் பற்றியும், பாலாறு கெட்டுப்போன கதையைப் பற்றியும் நாம் நிறையப் பேசியிருக்கிறோம். தோல் கழிவுநீர் தொடர்பாக 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு உலகம் முழுவதும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஆனால் வீட்டுக்குள் உட்கார்ந்து தைக்கும் பெண்களைப் பற்றி நாம் பேசியது குறைவு.

வேலை எப்படி நடக்கிறது?

மொக்காசின் வகை ஷூக்களின் முன்பக்கத்தில் மடிப்பு மடிப்பாக ஒரு தையல் ஓடுவதைக் கவனித்திருப்பீர்கள். அதைக் கையால் தைத்தால்தான் அழகும் விலையும் வரும். தொழிற்சாலையில் தோலை வெட்டித் துளையிட்டு மூட்டையாகக் கட்டி ஏஜென்டிடம் கொடுக்கிறார்கள். அவர் அதை வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார். பெண்கள் ஊசியும் தடித்த நூலும் கொண்டு, ஒவ்வொரு துளையாக இழுத்து இறுக்கித் தைக்கிறார்கள். முடிந்ததை ஏஜென்ட் எண்ணி வாங்கிக்கொள்வார். கூலி ஜோடிக் கணக்கு. நாள் சம்பளம், விடுப்பு, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எதுவும் கிடையாது.

ஏன் வீட்டிலேயே தைக்கிறார்கள்? கைக்குழந்தை, படுக்கையில் மாமியார், பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள், வெளியே வேலைக்குப் போவதற்குக் குடும்பத்தில் தயக்கம் என்று காரணங்கள் பல. முஸ்லிம் பெண்களும் தலித் பெண்களும் இந்த வேலையில் அதிகம். சேர்ந்து உட்கார்ந்து தைப்பதில் ஒரு ஆறுதலும் இருக்கிறது. ஒருத்திக்கு உடம்பு சரியில்லை என்றால் அவள் பங்கை மற்றவர்கள் முடித்துக் கொடுப்பார்கள். ஆனால் நூல் இழுத்து இழுத்து விரல் வெட்டுப்படுவதும், கழுத்தும் முதுகும் பிடித்துக்கொள்வதும், நாற்பது வயதுக்குள் கண் மங்குவதும் அவரவர் தனியாகச் சுமப்பவை.

2016-இல் பெங்களூருவின் சிவிடெப் இந்தியா அமைப்பும் பிரிட்டனின் இரண்டு தொழிலாளர் நல அமைப்புகளும் சேர்ந்து, தென்னிந்தியாவில் வீட்டிலிருந்து ஷூ தைக்கும் பெண்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. ஒரு ஜோடிக்கு அவர்களுக்குக் கிடைத்த கூலி பிரிட்டன் பணத்தில் 10 பென்ஸுக்கும் குறைவு. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய பத்து ரூபாய். அதே ஷூ அங்குள்ள கடைகளில் பல ஆயிரம் ரூபாய்க்கு விற்றது.

ஒரு பிளேட் பிரியாணிக்கு எத்தனை ஜோடி?

ஆம்பூர் என்றதும் வெளியூர்க்காரருக்கு நினைவு வருவது பிரியாணி. சீரக சம்பா அரிசி, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், தயிர், தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய். ஆற்காடு நவாபின் சமையற்காரர்கள் வழியாக வந்த கைப்பக்குவம் என்பது ஊர் வழக்கு. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திச் சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜோடிக்குப் பத்து ரூபாய், பிரியாணி 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு பிளேட்டுக்குப் பதினைந்து ஜோடி தைக்க வேண்டும். நான்கு பேர் உள்ள குடும்பம் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட அறுபது ஜோடி. அதனால்தான் இந்த வீடுகளில் 'வெளியே சாப்பிடுவது' என்றால் பெருநாள் கழிந்த ஒரு நாளில் வாங்கி வரும் இரண்டு பார்சல், அதை ஐந்து பேர் பங்கிட்டுக்கொள்வது. ஊரின் பெயரை உலகறியச் செய்த இரண்டு பொருள்களில் ஒன்றைத் தைக்கும் கை, மற்றொன்றை யோசித்து யோசித்து வாங்குகிறது.

கொண்டாட்டமும் கடனும்

இன்னொரு பக்கம் நமது கல்யாணங்கள். மண்டபம், தேக்சா தேக்சாவாகப் பிரியாணி, இலையிலும் தட்டிலும் மிஞ்சிக் குப்பைக்குப் போகும் இறைச்சி. வசதி உள்ளவர் செய்வதைப் பார்த்து வசதி இல்லாதவரும் செய்ய வேண்டியதாகிறது. மகளின் கல்யாணக் கடனை அடைக்கத்தான் பல தாய்மார்கள் இரவு விளக்கில் ஊசி பிடிக்கிறார்கள். செல்வந்தர்களை மட்டும் அழைத்து ஏழைகளை விட்டுவிடும் வலீமா விருந்தை நபிகள் நாயகம் (ஸல்) கண்டித்திருக்கிறார்கள். வீண்விரயத்தை மார்க்கம் தடுத்திருக்கிறது. தெரிந்த செய்திதான். மண்டபம் பேசும்போது மறந்துவிடுகிறோம்.

அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்கள் தம் கையால் தோல் பதனிட்டு, தைத்து, அந்த வருமானத்தைத் தர்மம் செய்தவர்கள். தோல் வேலை செய்யும் பெண்ணின் கைக்கு இதைவிடப் பெரிய கண்ணியம் வேண்டுமா? அந்தக் கைக்கு உரிய கூலியைக் குறைத்துவிட்டு, ரமளானில் அதே வீட்டுக்கு ஜகாத் பை அனுப்புவதால் கணக்கு நேராகிவிடாது. கூலி வேறு, ஜகாத் வேறு.

என்ன செய்யலாம்?

சட்டம் இவர்களை அறவே மறந்துவிடவில்லை. பொருளை வாங்கி வீட்டில் வைத்து வேலை செய்து கொடுப்பவரையும் 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் தொழிலாளியாகவே கணக்கிட்டது. வீட்டுவேலை உற்பத்தியாளர்களுக்கென சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் 177-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை. நடைமுறையில் சிக்கல் எங்கே என்றால், கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. தொழிற்சாலைக்கு இவர்களைத் தெரியாது, ஏஜென்டுக்குப் பொறுப்பில்லை. 2020-இல் ஊரடங்கு வந்து மூட்டை நின்றபோது, நான் இங்கே வேலை செய்தேன் என்று சொல்லிக் கேட்க இடமில்லாமல் போனது இதனால்தான்.

ஆகவே முதல் வேலை, ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, எத்தனை ஜோடி, என்ன கூலி, யார் கொடுத்த மூட்டை என்று தினமும் எழுதுங்கள். எழுதத் தெரியாதவருக்குப் பிள்ளைகள் எழுதட்டும். இரண்டாவது, காலணி, தோல் பொருட்கள் உற்பத்தி மற்றும் தோல் பதனிடும் தொழிலாளர்களுக்கென்றே தமிழக அரசின் நலவாரியம் இருக்கிறது. 18 முதல் 60 வயது வரை பதிவு செய்யலாம். பிள்ளைகளின் கல்வி உதவி, திருமண உதவி, மகப்பேறு உதவி, கண்கண்ணாடிக்கான தொகை, விபத்து, இயற்கை மரண உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் ஆகியவை இதில் உண்டு. தொழிலாளர் துறையின் சமூகப் பாதுகாப்புத் திட்ட அலுவலகத்தில் விவரம் கேட்கலாம், இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். உரிய காலத்தில் புதுப்பிக்க மறக்கக்கூடாது.

ஜமாஅத்துகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஜும்ஆ முடிந்த பிறகு ஒரு மேஜை போட்டு, கணினி தெரிந்த இரண்டு இளைஞர்களை உட்கார வைத்தால் ஒரு மாதத்தில் ஒரு மஹல்லாவையே பதிவு செய்துவிடலாம். ஒரு கல்யாணத்தில் வீணாகும் ஒரு தேக்சாவின் செலவுகூட அதற்கு ஆகாது. நம் ஊர் முதலாளிகளில் மார்க்கப் பற்றுள்ளவர்கள் ஏராளம். தங்கள் மூட்டை எந்த வீட்டுக்குப் போகிறது, அங்கே ஜோடிக்கு என்ன கிடைக்கிறது என்று ஏஜென்டிடம் ஒருமுறை கேட்கட்டும். அந்தக் கேள்வியைக் கேட்டாலே பாதி மாற்றம் வந்துவிடும், இன்ஷா அல்லாஹ்.